பேசாத பிள்ளையின் மேசையில் குவியும் வேலை

"நல்ல பிள்ளை, எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் செய்வான்." எமது வியாபாரிகள் தமது காரியாலய ஊழியரைப் பற்றிப் பெருமையாகச் சொல்லும் வார்த்தை இது. அந்தப் பிள்ளைக்கு வரும் கஷ்டமும் இந்தப் பாராட்டிலிருந்தே தொடங்குகின்றது என்பது எனது கருத்து.

சிறிய காரியாலயங்களில் வேலையைப் பங்கிடுவது பெரும்பாலும் ஆளின் சுபாவத்தைப் பார்த்துத்தான். வாய் திறந்து பேசுபவரிடம் மேலதிக வேலை கொடுக்க முதலாளி யோசிப்பார். பேசாதவரின் மேசையில் இன்வொய்ஸ், வங்கி வேலை, வற் கணக்கு, ஊழியர் சேமலாப நிதிப் படிவம் என எல்லாம் வந்து சேரும். மாத முடிவில் ஒரு கணக்குப் பிழைத்தால், "பொறுப்பில்லாதவன்" என்று அவரது குணத்தையே குறை கூறுகின்றோம்.

நமக்கும் வேலை அதிகம்தானே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் எதை இன்று செய்வது, எதை நாளைக்கு வைப்பது என்பதை நாமே தீர்மானிக்கின்றோம். லிகிதருக்கு அந்த உரிமை இல்லை. வேலைச்சுமையும் தீர்மானிக்க முடியாத நிலையும் ஒன்று சேரும்போதே மன அழுத்தம் மிகுகின்றது என்று அமெரிக்க ஆய்வாளர் ரொபர்ட் கராசெக் 1979இலேயே எடுத்துக் காட்டினார்.

வாரத்துக்கு 55 மணித்தியாலம் அல்லது அதற்கு மேல் உழைப்போருக்கு, 35 முதல் 40 மணித்தியாலம் உழைப்போரைவிடப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதம் அதிகம் என உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேச தொழில் ஸ்தாபனமும் 2021இல் அறிவித்தன. எமது நாட்டின் 1954ஆம் ஆண்டு கடை, அலுவலக ஊழியர் சட்டம் விதித்திருப்பதோ நாளுக்கு 8, வாரத்துக்கு 45 மணித்தியாலங்கள்தான்.

2022 நெருக்கடியில் அடிபட்ட வியாபாரிக்கு இன்னோர் ஆளை எடுப்பது இலேசான காரியமல்ல. ஆனால் செலவில்லாத வழிகளும் உண்டு. யார் யார் என்னென்ன செய்கின்றார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கடன் வசூலைப் பேச்சுத் திறமை உள்ளவருக்கும், கணக்கை அமைதியானவருக்கும் ஒதுக்குங்கள். புதிய வேலை கொடுக்கும்போது, "இதற்காக எதைப் பிந்திச் செய்யலாம்?" என்று அவரிடமே கேளுங்கள். கடை மூடிய பின்னர் தொலைபேசியில் அழைக்காதீர்கள்.

பேசாத ஊழியர் போகும்போதும் பேசமாட்டார். ஒருநாள் கடிதத்தை வைத்துவிட்டுப் போவார். எந்த வாடிக்கையாளரின் செக் திரும்பும், யாருக்கு எவ்வளவு தவணை கொடுக்கலாம் என்ற அறிவும் அவரோடு போய்விடும். அந்த நட்டத்தை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் காண முடியாது.