90ஸ் கிட்ஸ் சொர்க்கமும் நான் திருப்பித் தராத கேசட்டும்

பதிவு கொஞ்சம் நீளம். முதல் இரண்டு வரியைப் படித்துவிட்டு லைக் போட்டு ஓடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். உங்கள் வீட்டுப்பாட நோட்டைத் திருத்தியவன் நான்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. வெள்ளையும் சிவப்புமாக ஒரு வீடியோ கேம் பெட்டி, இரண்டு ரிமோட், பக்கத்தில் ஒரு மஞ்சள் கேசட். கீழே, "இதுதான் எங்கள் சொர்க்கம். மொபைலைக் கட்டிக்கொண்டு அழும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது கிடைக்குமா?" என்று ஒரு வரி. இதயங்கள் குவிந்தன. நானும் ஒரு கும்பிடு போட்டேன்.

அன்று இரவே படம் போட்டவர் எனக்குப் போன் செய்தார். "சார், பையன் எட்டாவது படிக்கிறான். எந்நேரமும் போன்ல கேம். நேத்து கோவத்துல புடுங்கி தரையில அடிச்சுட்டேன். அதுலேர்ந்து பேச மாட்டேங்கிறான். நீங்க கொஞ்சம் மிரட்டி வைங்க சார். நீங்க மிரட்டித்தானே நாங்கல்லாம் உருப்பட்டோம்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் உங்கள் சொர்க்கத்தைப் பற்றிப் பேசுவோம். நானும் அப்போது அங்கே இருந்தவன்தானே.

1995, 96 வாக்கில் மன்னார்குடியில் அந்தப் பெட்டியைச் சொந்தமாக வைத்திருந்த வீடுகள் குறைவு. சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ ஆள் இருந்தால் வரும். இல்லாவிட்டால் சென்னை பர்மா பஜாரில் வாங்கி வர வேண்டும். ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் 1983-ல் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கருவியின் நகல்கள்தான் அவை. நம் ஊருக்கு வந்து சேரப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. பெட்டி இல்லாத பிள்ளைகளுக்குப் பந்தலடிக்குப் பின்னால் ஒரு வீட்டு வராந்தா இருந்தது. மணிக்கு ஐந்து ரூபாய்.

அந்த ஐந்து ரூபாய் எங்கிருந்து வந்தது? அம்மாவின் பருப்பு டப்பாவிலிருந்து வந்தது. ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று வீட்டிலும், வீட்டில் உடம்பு சரியில்லை என்று என்னிடமும் சொல்லிவிட்டு அங்கே போய் உட்கார்ந்தவர்கள் யார்? உங்களில் ஒருவர் ஒரே வருஷத்தில் பாட்டியை இரண்டு முறை சாகடித்தார். அந்தப் பாட்டி 2009 வரை நன்றாக இருந்தார். துக்கம் விசாரிக்க நானே போயிருந்தேன்.

அந்த வராந்தாவில் ஒரு பெண் பிள்ளையைக்கூட நான் பார்த்ததில்லை. காசில்லாத பையன்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். "எங்கள் சொர்க்கம்" என்று எழுதும்போது அவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது உங்கள் அப்பா அம்மா என்ன சொன்னார்கள்? கண் கெட்டுவிடும், மூளை மழுங்கிவிடும், டிவி பிக்சர் ட்யூப் போய்விடும் என்றார்கள். பிக்சர் ட்யூப் என்பதே இன்று வழக்கொழிந்துவிட்டது. மற்ற இரண்டையும் ஒரு வார்த்தை மாறாமல் நீங்கள் இன்று உங்கள் பிள்ளைகளிடம் சொல்கிறீர்கள்.

அடுத்து என் கதை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் பெட்டி என் வீட்டிலும் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து என் மைத்துனர் கொண்டுவந்தார். அவரும் இதைப் படித்துக்கொண்டிருப்பார். பிள்ளைகள் தூங்கிய பிறகு சத்தத்தைக் குறைத்துவைத்து நான் ஆடுவேன். கணக்கு வாத்தியார் என்பதால் முதலில் என் கண்ணில் பட்டது கேசட் மேல் இருந்த எண்தான். "9999999 இன் 1" என்று போட்டிருந்தது. எண்ணிப் பார்த்தால் உள்ளே சில பத்து கேம்கள்தான். அவற்றையே பெயர் மாற்றி, திரும்பத் திரும்ப அடுக்கியிருந்தார்கள். ஆனால் மரியோவைப் பார்த்து அசந்துபோனேன். வானத்தில் மேகம், தரையில் புதர். இரண்டும் ஒரே படம், வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். மொத்த கேமையும் 40 கிலோபைட்டுக்குள் அடக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். காலையில் நீங்கள் எனக்கு அனுப்பும் "குட் மார்னிங்" ரோஜாப்பூ அதைவிடப் பெரியது.

இப்படி வீட்டில் ரசித்த அதே ஆள்தான் பள்ளிக்கூடத்தில் பிரம்போடு நின்றேன். 1996-ல் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் நண்பனிடம் மாற்றிக்கொள்வதற்காகப் பைக்குள் காண்ட்ரா கேசட் கொண்டுவந்திருந்தான். பிடித்தேன். உள்ளங்கையில் நான்கு அடி கொடுத்தேன். அதோடு விட்டிருக்கலாம். அவன் அப்பாவை வரச் சொன்னேன். சைக்கிள் கடை வைத்திருந்தவர், கையில் கிரீஸ் கறையோடு வேலையைப் போட்டுவிட்டு வந்தார். ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் மகனை அறைந்தார். நான் தடுக்கவில்லை. அடுத்த வாரம் பெட்டியையும் விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

வருஷக் கடைசியில் தருகிறேன் என்று சொல்லி வாங்கிய கேசட்டை அன்று இரவே என் வீட்டுப் பெட்டியில் செருகி ஆடினேன். மூன்று உயிர்தான் தருவான். முதல் கட்டத்தைக்கூடத் தாண்ட முடியவில்லை. ஆரம்பத்தில் மேல் மேல், கீழ் கீழ், இடது வலது, இடது வலது, பி, ஏ என்று அழுத்தினால் முப்பது உயிர் கிடைக்கும் என்பதைப் பல வருஷம் கழித்து என் மகன் சொன்னான். அந்தப் பையனுக்கு அது அப்போதே தெரிந்திருக்கும். கேட்டிருந்தால் சொல்லிக்கொடுத்திருப்பான்.

அதுவரை மணி அடித்த பிறகும் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வருகிற பையன் அவன். அதற்குப் பிறகு வரவே இல்லை. பத்தாவதில் நல்ல மதிப்பெண்தான் வாங்கினான். ஆனால் என்னிடம் ஒரு சந்தேகமும் கேட்காமலேயே பள்ளியை விட்டுப் போனான். மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் "மிரட்டித்தான் உருப்பட்டான்" என்று நானும் சொல்லிக்கொள்ளலாம். கேசட் இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

"அப்படியானால் இன்றைய கேம்களும் நல்லவைதானா சார்?" என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால் குற்றம் எங்கே இருக்கிறது என்று சரியாகக் கணக்குப் போடுங்கள்.

அந்தப் பெட்டியில் விளையாட்டுக்கு ஒரு முடிவு இருந்தது. உயிர் தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. செய்தி நேரம் வந்தால் அப்பாவுக்கு டிவியை விட வேண்டும். அடாப்டர் சூடேறிவிடும், கரண்ட் போய்விடும். கூடத்தில் எல்லோர் கண் முன்னால் நடந்த விளையாட்டு. ஒரு முறை காசு கொடுத்தால் பிறகு அந்தப் பெட்டி உங்களிடம் எதுவும் கேட்காது. நீங்கள் ஒழுக்கமாக இருந்ததால் எழுந்து போகவில்லை. எழுந்து போக வேண்டிய கட்டாயம் இருந்தது, போனீர்கள்.

இன்றைய போன் கேம்களில் பல இலவசம். இலவசமாகக் கொடுத்துவிட்டுத்தான் கடையைத் திறக்கிறார்கள். தினமும் வந்தால் பரிசு, ஒரு நாள் விட்டால் நஷ்டம். காசு கொடுத்து ஒரு மர்மப் பெட்டியை வாங்கித் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்பது அதிர்ஷ்டம். இந்தப் பெட்டி சூதாட்டத்தில் அடங்கும் என்று பெல்ஜியம் 2018-லேயே சொல்லிவிட்டது. முப்பது உயிர் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோட்டோ என்பவர் 1986-ல் கிரேடியஸ் என்ற கேமை ஃபேமிகாமுக்குத் தயார் செய்தபோது, தன்னாலேயே ஆடி முடிக்க முடியவில்லை என்று சோதனைக்காக வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. பிறகு காண்ட்ராவிலும் வந்தது. அன்று கூடுதல் உயிர் விரல் நுனியில் சும்மா கிடைத்தது. இன்று அதற்கு யுபிஐ கேட்கிறான். இப்படித் திட்டம் போட்டுக் கட்டிய கடைக்குள் பதின்மூன்று வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்பிவிட்டு, "உனக்கு ஒழுக்கம் இல்லை" என்று அவனையே அடிப்பது என்ன நியாயம்? போனை வாங்கிக் கொடுத்தது யார்?

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுக்க 2025-ல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முன்பே 2022-ல் தமிழ்நாடு தனியாக ஒரு சட்டம் போட்டது. நல்லது. விளையாட்டை நிறுத்தவே முடியாமல் படிப்பும் தூக்கமும் கெடும் நிலையை உலக சுகாதார நிறுவனமும் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. உங்கள் பிள்ளை அந்த நிலையில் இருந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். என் பிரம்பு மருந்து இல்லை. ஆனால் நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது அது இல்லை. பேச்சு அறுந்துபோன வீட்டில் போன் மட்டும்தான் பேசுகிறது.

போன் செய்த மாணவரிடம் மிரட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பதிலாக நான்கு விஷயம் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒன்று, போனை உடைத்ததற்கு அவனிடம் மன்னிப்புக் கேள். அப்பா மன்னிப்புக் கேட்டால் மரியாதை குறையாது. நான் கேட்காமல் குறைந்தது.

இரண்டு, ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து அந்த கேமைக் கற்றுக்கொடுக்கச் சொல். தோற்றுப் போ. அவன் யாரோடு ஆடுகிறான், எங்கே காசு கேட்கிறது என்பதெல்லாம் தன்னால் தெரியும். அந்தக் கணக்கில் உன் கார்டு இருந்தால் எடுத்துவிடு.

மூன்று, நேரத்தை ஆட்டக் கணக்கில் பேசு. நம் பெட்டியில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் மரியோ அப்படியே நிற்பார். நாலு பேர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் ஆட்டத்தை நடுவில் நிறுத்த முடியாது. "இதோ முடிச்சுட்டு வர்றேன்" என்பது திமிர் இல்லை. கபடியில் பாடிப் போனவனைக் காலைப் பிடித்து இழுத்தால் உனக்கு எப்படி இருந்திருக்கும்? "இன்னும் இரண்டு ஆட்டம், பிறகு சாப்பாடு" என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்.

நான்கு, உன் பருப்பு டப்பா கதையை அவனிடம் சொல். சொர்க்கத்தில் வளர்ந்த அப்பாவிடம் எந்தப் பிள்ளையும் தன் தப்பைச் சொல்லாது. பொய் சொல்லி மாட்டிக்கொண்ட அப்பாவிடம்தான் சொல்லும்.

நேற்று அவர் அனுப்பிய செய்தி: "சார், மூணு ஆட்டம் ஆடினேன். மூணுலயும் முதல்ல செத்தது நான்தான். பய சிரிச்சுட்டான்."

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்தக் காண்ட்ரா கேசட்காரர் நம் குழுவில் இல்லை. பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவரோடு படித்தவர்களுக்கு யார் என்று புரிந்திருக்கும். எண் தெரிந்தால் கமெண்டில் போடாமல் எனக்குத் தனியாக அனுப்புங்கள். வருஷக் கடைசியில் தருகிறேன் என்று சொன்ன பொருள் அவருடையது, போய்க் கொடுக்க வேண்டும். முப்பது உயிர் ரகசியத்தையும் அவர் வாயாலேயே ஒரு முறை கேட்டுக்கொள்ள வேண்டும்.

நலமாக இருங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

உங்கள் கணக்கு வாத்தியார்