கோடையை நவம்பரில் பிடியுங்கள்



பொழுது விடியும் முன்பே மாரிகுப்பம் எழுந்துவிடும். பெங்களூர் ரயிலைப் பிடிக்க வேண்டுமே! 2001 பிப்ரவரி 28-ல் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு, தங்கவயலில் பல வீடுகளில் அடுப்பு எரிவது இந்த ரயிலை நம்பித்தான்.

கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்குக் கோடை லீவு வந்தால் வீட்டில் என்ன சொல்வோம்? "ரெண்டு மாசம் ஏதாச்சும் கம்பெனிக்குப் போ, கைச்செலவுக்கு ஆகும்." தப்பில்லை. அதே ரயில் ஆய்வுக்கூடத்துக்கும் போகிறது என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

ஆய்வுக்கூட வேலை நமக்கு எட்டாத ஒன்று என்று நினைக்க வேண்டாம். எக்ஸ்ரே நமக்குப் புதிதா? பாறைத் தூசி தின்ற தாத்தாவின் நுரையீரல், பழுப்புக் கவருக்குள் பீரோ மேல் எத்தனை லைன் வீடுகளில் இருந்திருக்கும்! அந்தப் படத்தில் எலும்பு நிழலும் நுரையீரல் நிழலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கும். பல கோணங்களில் படமெடுத்து, கணக்குப் போட்டே உள்ளிருப்பதைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டலாம். அதற்கு ஒரு சுருக்கு வழியை 1971-ல் சக ஆய்வாளர் லட்சுமிநாராயணனோடு சேர்ந்து சொன்னவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேர் வாங்கிய விஞ்ஞானி ஜி.என். ராமச்சந்திரன். சி.டி. ஸ்கேனுக்குப் பின்னாலுள்ள கணக்குகளில் அதுவும் ஒன்று.

படமும் கணக்கும் சேரும் அந்த வேலை இன்னும் தொடர்கிறது. இன்று செல்களை மைக்ராஸ்கோப்பில் வீடியோ எடுத்து, அவை நகர்வதைக் கம்ப்யூட்டரில் மாதிரி செய்து பார்க்கிறார்கள். பயாலஜி பிடித்தவளுக்கும் இடமுண்டு, கணக்கு மட்டும் வருகிறவனுக்கும் இடமுண்டு. பெங்களூர் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் இந்த வேலை நடக்கிறது. அந்த மையம் டாடா அடிப்படை ஆய்வுக் கழகத்தின் பிள்ளை. 1965-ல் நம் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் அடியாழத்தில் நியூட்ரினோ என்னும் நுண்துகளைப் பிடித்தவர்களில் அந்தக் கழகத்தாரும் உண்டு. அவர்கள் நம் ஊருக்கு வந்தார்கள். நம் பிள்ளைகள் அங்கே போகக் கூடாதா?

இந்திய அறிவியல் அகாடமி நாட்டின் மற்ற இரண்டு அறிவியல் அகாடமிகளோடு சேர்ந்து மாணவர்களுக்குக் கோடை ஆய்வு உதவித்தொகை தருகிறது. இரண்டு மாதம், ஒரு விஞ்ஞானியின் கீழ். ரயில் கட்டணமும் உண்டு. பெங்களூர் ஜக்கூரிலுள்ள ஜவாஹர்லால் நேரு ஆய்வு மையமும் இதுபோலத் தனியாக ஒரு திட்டம் நடத்துகிறது.

சிக்கல் ஒன்றுதான். கோடைக்கான விண்ணப்பம் பெரும்பாலும் நவம்பரிலேயே முடிந்துவிடும். ஏப்ரலில் தேடினால் கதவு சாத்தியிருக்கும். ஆசிரியரின் பரிந்துரைக் கடிதத்துக்கும் நாலு நாள் அலைய வேண்டியிருக்கும்.

அதனால் தீபாவளிப் பலகாரம் சுடும்போதே பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்: "அப்ளிகேஷன் போட்டியா?"

அன்புடன்,
ஆசிரியர்