மனப்பாடம் செய்யப்படும் அனுபவங்கள்

மென்பொருள் நிறுவனங்களின் நேர்முகப் பரீட்சைகளில் நிரல் எழுதும் ஆற்றல் மட்டும் சோதிக்கப்படுவதில்லை. "மேலதிகாரியுடன் கருத்து முரண்பட்ட ஒரு சந்தர்ப்பத்தைக் கூறுங்கள்", "நீங்கள் தோல்வியுற்ற ஒரு வேலையை விபரியுங்கள்" என்று நடத்தைசார் வினாக்களும் தொடுக்கப்படுகின்றன. இவற்றுக்கு ஆயத்தப்படுத்துவதாகக் கூறி இளைஞர்களுக்கு இன்று கற்பிக்கப்படுவது பெரும்பாலும் கதை கட்டும் கலையே என்பது எனது குற்றச்சாட்டு.

இவ்வினாக்களின் மூலம் நேர்மையானது. இரண்டாம் உலக மகாயுத்த காலத்தில் அமெரிக்க இராணுவ விமானிகளின் வெற்றி தோல்விகளை ஆராய்ந்த உளவியலாளர் ஜோன் பிளனகன், அபிப்பிராயங்களை ஒதுக்கிவிட்டு, நடந்த சம்பவங்களைத் திரட்டினார். 1954இல் அம்முறையை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். ஒருவர் உண்மையில் என்ன செய்தார் என்பதே அதன் உயிர்நாடி. வேலைத் திறனை முன்கூட்டியே கணிக்கும் வழிகளுள் ஒழுங்கமைக்கப்பட்ட நேர்முகமே முதலிடம் பெறுவதாக 2022இல் போல் சக்கெட் குழுவினரின் மீளாய்வும் காட்டியது. ஆகவே முறையில் குற்றமில்லை.

குற்றம் எங்கே? அமேசன் நிறுவனம் தனது 16 தலைமைத்துவக் கோட்பாடுகளைப் பகிரங்கமாக வெளியிட்டு, நிலைமை, பணி, செயல், விளைவு என்ற ஒழுங்கில் பதிலளிக்குமாறும் விண்ணப்பதாரிகளுக்கு ஆலோசனை கூறுகிறது. அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் கோட்பாட்டுக்கு ஒரு கதை வீதம் தைத்துக் கொடுக்கும் வியாபாரம் அதைச் சுற்றி வளர்ந்துவிட்டது. இப்போது செயற்கை நுண்ணறிவும் அவ்வேலையை நொடியில் செய்கிறது. எவரும் அளந்திராத "40 சதவீத முன்னேற்றம்" ஒன்று கதையின் முடிவில் தவறாமல் வந்து நிற்கிறது.

"எல்லோரும் செய்கிறார்கள், உண்மையை மட்டும் சொன்னால் உத்தியோகம் கிடைக்குமா?" என்பார்கள். பேட்டி காண்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: பொய் முதற் கேள்வியில் அகப்படுவதில்லை. இரண்டாவது, மூன்றாவது கேள்விகளிலேயே அகப்படும். யார் எதிர்த்தார்? என்ன காரணம் சொன்னார்? அந்த எண்ணை எப்படி அளந்தீர்கள்? இவற்றைக் கேளாது, மெருகேறிய பேச்சுக்குப் புள்ளியிடும் பரீட்சகர் பொய்யனைத் தேர்ந்தெடுப்பதோடு நிற்பதில்லை. தட்டுத் தடுமாறி உண்மை சொன்னவனின் வேலையையும் பறிக்கிறார்.

மெய்யான ஆயத்தம் வேறு. நீங்கள் எழுதிய நிரல்களின் பதிவேட்டையும், வழுக்கள் பற்றிய குறிப்புகளையும் திரும்பிப் பாருங்கள். ஆறேழு சம்பவங்களைத் தெரிந்து, காலம், தகராறு, உங்கள் பங்கு, பிறர் பங்கு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அளக்காத விளைவை அளக்கவில்லை என்றே சொல்லுங்கள். தற்புகழ்ச்சிக்கு அஞ்சி எல்லாவற்றையும் "நாங்கள் செய்தோம்" என்பது நம்மவர் வழக்கம். அதில் "நான்" செய்ததைப் பிரித்துச் சொல்வது தற்பெருமை ஆகாது. கேட்பவருக்கு வேண்டியது அந்த விபரமே.

பரீட்சகர்களே, இரண்டாவது கேள்வியைக் கேளுங்கள். கதை வியாபாரம் தானாகவே படுத்துவிடும்.