இடைநிற்பவன் எவர் வீட்டில் குடியிருக்கிறான்?

இரு நிறுவனங்களுக்கிடையே செய்தி கொண்டு செல்லும் மென்பொருள் எந்த இயந்திரத்தில், எவருடைய அனுமதியின் பேரில் இயங்குகின்றது என்பது பொறியியலாளர் மட்டும் தமக்குள் பேசித் தீர்க்கவேண்டிய விடயம் என்ற எண்ணம் எமது பல்கலைக்கழகச் சூழலில் ஆழமாக வேரூன்றியுள்ளது. கலைப்பீட மாணவன் ஒருவன் இதைப்பற்றி எழுத முற்பட்டால், “உனக்கேன் இந்த வேலை?” என்ற வினா இரு பக்கங்களிலிருந்தும் எழுகின்றது. தொழினுட்பம் பயில்வோர் எம்மை அறியாதார் என்கின்றனர். எமது பீடத்தாரோ இதனை இலக்கியத்துக்கும் சமூகவியலுக்கும் புறம்பானதெனத் தள்ளிவிடுகின்றனர். இரு சாராரும் தவறு இழைக்கின்றனர் என்பதே எமது வாதம். ஊழியர் சேமலாப நிதியைப் பெறுவதற்காக லிந்துலைத் தோட்டமொன்றிலிருந்து ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் பஸ் ஏறி அலையும் முதிய தொழிலாளி ஒருவரின் வாழ்வை இவ்விடயம் நேரடியாகத் தீண்டுகின்றது. அவர் சார்பில் கேள்வி கேட்பதற்குப் பொறியியற் பட்டம் வேண்டியதில்லை.

இணைப்பு மென்பொருள் என்பது யாது? ஒரு திணைக்களத்தின் கணினி பேசும் மொழியை இன்னொரு திணைக்களத்தின் கணினி விளங்கிக்கொள்வதில்லை. ஒன்று பெயரை முழுமையாக எழுதும்; மற்றொன்று முதலெழுத்துக்களோடு நிறுத்தும். ஒன்று கேட்டவுடன் பதிலளிக்கும். மற்றொன்று இரவில் ஒருமுறை கோப்பு ஒன்றை ஒரு மூலையில் வைத்துவிட்டுப் போகும். இவற்றுக்கு நடுவே நின்று, செய்தியை வாங்கி, வடிவம் மாற்றி, உரிய இடத்துக்கு அனுப்பி, பதில் வராவிடின் மீண்டும் முயன்று, நடந்தவற்றைப் பதிந்து வைப்பதே இம்மென்பொருளின் தொழில். இவ்வகையில் ஒன்றைத் தோற்றுவித்த ரொஸ் மேசன் என்பவர் அதற்கு ‘மியூல்’, அதாவது கோவேறு கழுதை, எனப் பெயரிட்டார். சுமைதூக்கும் அலுப்பு வேலையை அது ஏற்றுக்கொள்ளும் என்பது கருத்து. பொதி சுமந்து மலையேறியோரின் சந்ததியாருக்கு இப்பெயரை விளக்கவேண்டிய அவசியமில்லை.

இத்துறை எமது நாட்டுக்கு அந்நியமானதென எண்ணுவாரும் உளர். அது அறியாமை. அப்பாச்சி அறக்கட்டளையின் ‘அக்சிஸ்2’ என்ற இணையச் சேவை இயந்திரத்தை உருவாக்கியதில் இலங்கை நிரலாளரின் பங்கு பெரிது. 2006 இல் அதன் முதற் பதிப்பு வெளியாயிற்று. ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் பணியாற்றிய சஞ்சீவ வீரவரண 2005 இல் தம் தோழர்களுடன் ‘டபிள்யூஎஸ்ஓ2’ நிறுவனத்தைத் தொடங்கினார். அது ‘அப்பாச்சி சினப்ஸ்’ என்ற திறந்த மூல இயந்திரத்தின்மேல் கட்டிய இணைப்பு மென்பொருளை அமெரிக்காவின் ‘ஈபே’ போன்ற பெரும் வர்த்தக நிறுவனம் கூடப் பயன்படுத்தியது. எமது அரசின் ‘லங்கா கேற்’ திட்டத்திலும் இம்மென்பொருள் இடம்பெற்றது. 2024 இல் சுவீடனின் ஈ.கியூ.ரி. முதலீட்டு நிறுவனம் 60 கோடி டொலருக்கு மேற்பட்ட விலையில் டபிள்யூஎஸ்ஓ2 ஐ வாங்க முன்வந்தது. தேயிலைக்கு அடுத்ததாக எமது உழைப்பு எதனை ஏற்றுமதி செய்கின்றது என்று ஆராயும் பொருளியல் மாணவர் இதனையும் கணக்கிற் கொள்வாராக.

இனி, வாதத்தின் மையத்துக்கு வருவோம். இத்தகைய மென்பொருளை இயக்குவதற்கு இரு வழிகள் உள. முதலாவது, அதனைத் தனக்கென நினைவகமும் வாயில்களும் கொண்ட தனிச் செயன்முறையாக இயக்குதல். இரண்டாவது, அதனை ஓர் இணையப் பிரயோகமாகப் பொதிசெய்து, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பிரயோகச் சேவையகத்துக்குள் இறக்கிவிடுதல். ஜாவா உலகில் இப்பொதிக்கு ‘வார்’ என்று பெயர். 1999 இல் வெளிவந்த சேர்வ்லெற் 2.2 விதிமுறை இதற்கு வடிவம் கொடுத்தது. நூலகங்கள், அமைப்புக் கோப்புகள், நிரற்றுண்டுகள் யாவும் ஒரே கட்டில் அடங்கும். டொம்கற், வெப்லொஜிக், வெப்ஸ்பியர், ஜேபொஸ் எனப் பல சேவையகங்கள் இப்பொதியை ஏற்கும். டொம்கற்றில் இதற்கென ஒரு கோப்புறை உண்டு. அதனுள் பொதியைப் போட்டால் சேவையகம் தானே பிரித்து இயக்கிவிடும். அக்சிஸ்2 இவ்விரு வடிவங்களிலும் வழங்கப்பட்டு வந்துள்ளது.

வசதியான ஏற்பாடுதான். தோட்டத்துத் தபாலும் அவ்வாறே வசதியான ஏற்பாடாகத்தான் தொடங்கியது. லிந்துலையில் அரசின் அஞ்சலகம் உண்டு. ஆனால் லயத்தில் வாழும் குடும்பத்துக்கு வீட்டிலக்கம் இல்லை, வீதிப் பெயர் இல்லை. தோட்டத்தின் பெயரே முகவரி. தோட்டத்தார் ‘தப்பால்காரர்’ என்றழைக்கும் ஊழியர் அஞ்சலகத்திலிருந்து பையை வாங்கித் தோட்ட அலுவலகத்தில் ஒப்படைப்பார்; கடிதம் அங்கிருந்து, எவருக்கேனும் நேரம் வாய்க்கும்போது, லயத்தைச் சேரும். பல தோட்டங்களில் இன்றும் இதுவே நடைமுறை. நேர்முகப் பரீட்சைக் கடிதம் நேர்முகப் பரீட்சை முடிந்த பின்னர் கைக்கு வந்த கதை மலையகத்தில் வீட்டுக்கு ஒன்று உண்டு. இங்கே தப்பால்காரர் தீயவரல்லர். அலுவலகத்து எழுதுவினைஞரும் தீயவரல்லர். செய்தி கொண்டுசெல்பவர் செய்தி பெறுபவருக்கோ அஞ்சல் திணைக்களத்துக்கோ அன்றி, மூன்றாவது ஒருவருக்கு ஊழியராக இருக்கின்றார். குற்றம் அமைப்பில் உள்ளது.

பொதிசெய்து இறக்கப்பட்ட இணைப்பு மென்பொருளின் நிலை இதுவே. அது வாசலைத் தானே திறப்பதில்லை. சேவையகத்தின் வாயில் வழியாக வந்த செய்தியே அதனை அடையும். அது உண்ணும் நினைவகம் சேவையகத்தின் பொது நினைவகம்; பக்கத்தில் குடியிருக்கும் வேறொரு பிரயோகம் அதனைத் தின்று தீர்த்தால் இதுவும் சேர்ந்து மூச்சடங்கும். சம்பளப் பட்டியற் பிரயோகத்தைத் திருத்துவதற்காக நிருவாகி சேவையகத்தை நிறுத்தி ஓட்டுவாரானால், வழியில் நின்ற செய்திகள் வழியிலேயே நிற்கும்.

நூலக முரண்பாடு வேறு. சேவையகம் ஒரு பதிப்பையும் பொதி இன்னொரு பதிப்பையும் வைத்திருக்குமாயின் எதனை முதலில் எடுப்பது? டொம்கற் பெரும்பாலும் பொதியினுள் இருப்பதற்கே முதலிடம் தரும். வெப்ஸ்பியர் வழக்கமாகத் தாயிடமிருப்பதை முதலில் எடுக்கும்; ‘தாய் கடைசி’ என்று அதற்குத் தனியாகச் சொல்லி வைக்கவேண்டும். ஒரே பொதி ஓரிடத்தில் ஓடி இன்னோரிடத்தில் விழுவதன் காரணங்களுள் இது முக்கியமானது.

இவற்றைக் காட்டிலும் ஆழமான பொருத்தமின்மை ஒன்று உண்டு. சேர்வ்லெற் என்ற அமைப்பு, ஒருவர் வந்து கேட்பார், பதில் பெற்றுப் போவார் என்ற அனுமானத்தின்மேல் எழுந்தது. கடைக்காரர் வாடிக்கையாளருக்காகக் காத்திருப்பது போன்றது அது. இணைப்பு மென்பொருளோ கேட்பாரின்றியும் வேலை செய்யவேண்டியது. கோப்புறையில் புதுக் கோப்பு வந்துள்ளதா எனப் பார்க்கவேண்டும். செய்தி வரிசையில் காத்திருக்கவேண்டும். நள்ளிரவில் தானே எழுந்து புறப்படவேண்டும். மறுமுனை மௌனமாக இருக்கும்போது இழைகளைக் கட்டிவைக்காமல் நூற்றுக்கணக்கான உரையாடல்களைத் திறந்து வைத்திருக்கவேண்டும். சேர்வ்லெற் உலகுக்கு இந்தப் பிந்திய வசதி 2009 இல் வந்த 3.0 விதிமுறையோடுதான் கிட்டியது. அதற்கு முன்னர், பொதியினுள் இருந்தவாறே தனி இழைகளையும் தனி வாயில்களையும் திறந்துகொண்ட மென்பொருள்கள் இருந்தன. அவை வீட்டுக்காரனுக்குத் தெரியாமல் பின்சுவரில் கதவு வைத்த வாடகைக்காரரை ஒத்தவை. நிருவாகியின் கண்காணிப்பும் அங்கே பொய்த்தது, மென்பொருளின் சுதந்திரமும் முழுமையாகவில்லை.

“ஏற்கெனவே பெரும் பணம் கொடுத்து வாங்கிய சேவையகம் இருக்கின்றது, அதனை நிருவகிக்கப் பழகிய ஆட்கள் இருக்கின்றனர், கடவுச்சொற் பாதுகாப்பும் கண்காணிப்பும் அங்கே ஆயத்தமாக உள்ளன, வறிய நாட்டில் இன்னோர் இயந்திரம் எதற்கு?” என்பர் மறுப்போர். இவ்வாதத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. ஒரே நிறுவனம் தன் இரு பிரிவுகளைத் தனக்குள் இணைத்துக்கொள்ளும்போது இது முற்றிலும் நியாயமானது. நூலகப் புத்தகப் பதிவையும் மாணவர் பதிவையும் இணைக்க ஒரு பல்கலைக்கழகம் தன் டொம்கற்றினுள் ஒரு பொதியை இறக்குமாயின் எவருக்கும் அநீதி நேராது. இணைக்கப்படும் தரப்புகள் சமமற்றவையாகவும், அவற்றுள் ஒன்றே வீட்டுக்காரனாகவும் இருக்கும்போதுதான் சிக்கல் பிறக்கின்றது. அந்த இடத்தில் சிக்கனத்தைப் பற்றிப் பேசுவோர், செலவு இன்னொருவர் தலையில் ஏற்றப்படுவதைக் கணக்கிலெடுப்பதில்லை.

அந்தத் தலை எவருடையது? சேமலாப நிதியையே எடுத்துக்கொள்வோம். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்படி தொழிலாளி 8 வீதமும் தொழில்கொள்வோர் 12 வீதமும் செலுத்துகின்றனர். பொது நிருவாகம் தொழில் ஆணையாளரிடம். பணம் மத்திய வங்கியின் பொறுப்பில். பெயரும் வேலைநாளும் தோட்டத்துச் செக்ரோலில். பிறப்பு பதிவாளர் நாயகத்தின் திணைக்களத்தில். அடையாள அட்டை ஆட்பதிவுத் திணைக்களத்தில். செக்ரோலில் ‘லெச்சுமி’, பிறப்புச் சான்றிதழில் ‘லட்சுமி’, அடையாள அட்டையில் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் போய்த் திரும்பி வந்த ‘லெட்சமி’. மூவரும் ஒருவரே என்பதை மெய்ப்பிக்க அந்த அம்மாள் சத்தியக் கடதாசியோடு அலுவலகம் அலுவலகமாக நடக்கவேண்டியுள்ளது. முப்பது வருடம் கொழுந்து பறித்த கைகளுக்கு உரிய பணம் ஓர் உயிர்க்குறியிற் சிக்கி நிற்கின்றது.

இந்த ஐந்து இடங்களையும் என்றோ ஒருநாள் மென்பொருள் இணைக்கும், இணைக்கவும் வேண்டும். அன்று ‘லெச்சுமி’யும் ‘லட்சுமி’யும் ஒன்றென முடிவு செய்யும் விதி அந்த இடைநிலை மென்பொருளுக்குள்தான் எழுதப்படும். அது ஒரு திணைக்களத்தின் சேவையகத்துக்குள் பொதியாக இறக்கப்பட்டிருப்பின், விதியைத் திருத்தும் அதிகாரமும் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களின் பதிவேடும் அந்தத் திணைக்களத்தின் கையில் மட்டுமே இருக்கும். டொம்கற்றில் புதுப் பொதியைப் போட்டவுடன் பழைய பொதி விரிந்திருந்த கோப்புறை அழிக்கப்பட்டுப் புதிதாக விரியும். அதனுள்ளே கையால் திருத்திய அமைப்புகளும் அங்கேயே எழுதிவைத்த பதிவுகளும் இருந்திருப்பின் அவையும் போகும். கவனமுள்ள பொறியியலாளர் இவற்றைப் பொதிக்கு வெளியே வைப்பார். கவனமற்றவர் வைக்கமாட்டார். லெச்சுமி அம்மாளின் மேன்முறையீடு ஒருவருடைய கவனத்தில் தங்கியிருக்கலாமா என்பதே எமது வினா.

இடைநிற்பவனின் இருப்பிடம் பற்றி மலையகத்தாருக்குப் பிறர் பாடம் புகட்டவேண்டியதில்லை. பெரிய கங்காணி தொழிலாளிக்கும் துரைக்கும் நடுவே நின்றவர். கூலியும் கடனும் அவர் கையாலேயே நகர்ந்தன. 1921 இல் ஒழிக்கப்படும்வரை ‘துண்டு’ முறை ஒரு கூட்டத்தையே கடனோடு சேர்த்துத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றியது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் வந்த பின்னரும், அதன் 33 ஆம் பிரிவு காரணமாக, பிரதேச சபையின் சேவை தோட்ட எல்லையில் நின்றது. 2018 இல்தான் அது திருத்தப்பட்டது. தோட்டத்தார் சபைக்கு வாக்களித்தனர். சபையின் தெருவிளக்கு அவர்களை அடையவில்லை. இவை பழங்கதைகள் என்போர், புதிய இணைப்புக்களின் வரைபடத்தைக் கையிலெடுத்துப் பார்க்கட்டும்.

மாற்று வழி கற்பனையன்று. எஸ்தோனியா 2001 இல் ‘எக்ஸ்-ரோட்’ என்ற தரவுப் பரிமாற்ற அமைப்பைத் தொடங்கியது. அங்கே இணைப்பு எந்தவொரு அமைச்சின் சேவையகத்திலும் குடியிருக்கவில்லை. பங்குபற்றும் நிறுவனங்களின் வாசலில் அதற்கெனவே அமைந்த பாதுகாப்புச் சேவையகங்கள் நிற்கின்றன. செய்தி ஒரு வாசலிலிருந்து மறு வாசலுக்கு நேரே செல்கின்றது. இரு முனையிலும் கையொப்பத்துடனும் நேரமுத்திரையுடனும் பதிவு விழுகின்றது. ஒருவர் தம் பதிவேட்டைத் தொலைத்தாலும் மற்றவரிடம் சாட்சி உண்டு. பதின்மூன்று இலட்சம் மக்கள் வாழும் சிறு நாடு இதைச் செய்தது. வறுமையைக் காரணம் காட்டுவோர், சோவியத் பிடியிலிருந்து விடுபட்டுப் பத்தாண்டுகளே ஆன நாடு அது என்பதையும் நினைவிற் கொள்வாராக.

தொழினுட்பவியலாரே இத்திசையில் நகர்ந்துவிட்டனர் என்பது எமது வாதத்துக்குக் கிடைத்த எதிர்பாராத துணை. 2014 இல் ‘ஸ்பிரிங் பூட்’டின் முதற் பதிப்பு வந்தபோது உறவு தலைகீழாயிற்று: பிரயோகம் சேவையகத்துக்குள் குடிபுகுவதற்குப் பதிலாக, சிறியதொரு சேவையகத்தைத் தன் மடியிற் கட்டிக்கொண்டு தனியே புறப்பட்டது. டபிள்யூஎஸ்ஓ2 இன் ‘கார்பன்’ அடித்தளமும் டொம்கற்றைத் தன்னுள்ளே சுமந்தது. அதன் பின்வந்த ‘மைக்ரோ இன்ரகிரேற்றர்’ தனித்து இயங்குவதற்கென்றே சுருக்கி அமைக்கப்பட்டது. ஆயினும், தனித்து ஓடும் செயன்முறையும் அமெரிக்கக் கொம்பனியொன்றின் மேகக் கணினியில் வாடகைக்கே ஓடுமாயின் வீட்டுக்காரன் மாறினானேயன்றி வாடகை ஒழியவில்லை. அது தனியாக ஆராயத்தக்கது, இங்கே இடமில்லை.

2025 பெப்ரவரியில் அரசுக்குச் செலுத்தும் கொடுப்பனவுகளுக்காக ‘கவ்பே’ தொடங்கப்பட்டது. எண்முறை அடையாள அட்டை பற்றிய ஏற்பாடுகளும் நடைபெறுகின்றன. திணைக்களங்களை இணைக்கும் கேள்விப்பத்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவரவிருக்கும் காலம் இது. இணைப்பு மென்பொருள் தனிச் செயன்முறையாக ஓடுமா, ஒரு தரப்பின் சேவையகத்துள் பொதியாக இறக்கப்படுமா? அதனை நிறுத்தும் அதிகாரம் எவரிடம்? பெயர் பொருத்தும் விதிகள் மூன்று மொழிகளிலும் வெளியிடப்படுமா? நிராகரிப்பின் பதிவு இரு முனையிலும் இருக்குமா? இந்நான்கு வினாக்களும் கேள்விப்பத்திரத்திலேயே எழுதப்படவேண்டும். எமது சங்கம் வரும் ஆண்டில் பொறியியற்பீடத்தாரை அழைத்து இதன்மேல் ஒரு விவாத அரங்கை நடத்துமாக. எதிரணிக்கு ‘வார்’ பொதியின் உறுதியான ஆதரவாளர்களே வரட்டும், அத்தோடு சேமலாப நிதிக்காக அலைந்த தோட்டத் தொழிலாளர் சிலருக்கும் மேடையில் ஆசனம் போடப்படட்டும்.