எத்தனை வோல்ட், சார்?

காலையில் கார் செல்ஃப் எடுக்கவில்லை. 'டிக்... டிக்' என்று சத்தம் மட்டும். மெக்கானிக் வருகிறார், பானெட்டைத் தூக்குகிறார், இரண்டு விநாடி பார்க்கிறார். 'பேட்டரி போயிடுச்சு சார், மாத்திடலாம்!' நீங்களும் பர்ஸை எடுக்கிறீர்கள்.

ஒரு நிமிஷம். எதை வைத்து அப்படிச் சொன்னார் என்று கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். நானும் கேட்கவில்லை.

புது பேட்டரி போட்ட மூன்றாவது வாரம், ராத்திரி பதினோரு மணிக்கு, திண்டிவனம் தாண்டி ஹெட்லைட் மங்கி, வண்டி நின்றது. பின் சீட்டில் எண்பது வயது அம்மா. பக்கத்தில் சீறிப் பாயும் லாரிகள். மறுநாள் அதே கடையில், 'அப்ப டைனமோவா இருக்கும் சார், அசெம்பிளியே மாத்திடுவோம்' என்றார்கள். 'இருக்கும்' என்ற ஒரு வார்த்தைக்குப் பதினைந்தாயிரம் ரூபாய்!

வேறொரு பெரியவர் மீட்டரை வைத்துப் பார்த்தார். தேய்ந்து போன கார்பன் பிரஷ். செலவு சில நூறு ரூபாய். நன்றாக இருந்திருக்கக்கூடிய என் பழைய பேட்டரி, எக்ஸ்சேஞ்சில் என்றைக்கோ போய்விட்டது.

விஷயம் எளிமையானது. பேட்டரி, வீட்டில் இருக்கும் உண்டியல். ஆல்டர்னேட்டர், அதாவது பட்டறை பாஷையில் டைனமோ, சம்பாதித்துப் போடுகிற ஆள். சம்பளம் நின்றுபோன வீட்டில் உண்டியலை மாற்றி என்ன பிரயோஜனம்?

இதைக் கண்டுபிடிக்க ஐ.ஐ.டி. படிப்பு வேண்டாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் போதும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், ஃபுல் சார்ஜ் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. இப்போது வண்டியை ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட் போட்டு, லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்துப் பாருங்கள். பொதுவாக 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். பன்னிரண்டு சொச்சத்திலேயே படுத்திருந்தால் சார்ஜ் வரவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு, பேட்டரி வெந்துபோகும்.

உடனே டைனமோவையும் தூக்கிலிட வேண்டாம். பெல்ட் தளர்ந்திருக்கலாம். டெர்மினலில் உப்புப் பூத்திருக்கலாம். டைனமோ வாயில் 14 இருந்து, பேட்டரியில் 12.5 மட்டும் வந்தால், நடுவில் இருக்கும் வயரோ எர்த்தோதான் திருடன். புது வண்டிகள் சிலவற்றில் கம்ப்யூட்டரே சார்ஜை ஏற்றி இறக்கும். அதனால் ஒரே ஒரு ரீடிங்கை நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது.

இன்னொரு வித்தை உண்டு. ஓடும் வண்டியில் பேட்டரி வயரைக் கழற்றி, 'பாருங்க, நிக்கலை! டைனமோ நல்லா இருக்கு' என்பார்கள். அந்தக் காலத்து அம்பாசடரோடு அது போகட்டும். இன்றைய வண்டியில் அப்படிச் செய்தால் வோல்டேஜ் எகிறி, கம்ப்யூட்டரே காலியாகலாம். யாராவது ஸ்பானரோடு கிளம்பினால் கையைப் பிடித்துத் தடுங்கள்.

மெக்கானிக் தரப்பு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். 'செக் பண்ணதுக்கு நூறு ரூபா கேட்டா, சும்மா பார்த்ததுக்கா காசும்பாங்க சார். அதுவே சாமானை மாத்தினா பேசாம கொடுப்பாங்க' என்றார் அந்தப் பெரியவர். சுரீர் என்றது. மூளைக்கு நூறு ரூபாய் தர மாட்டோம். சாமானுக்கு ஆயிரக்கணக்கில் தருவோம். அப்புறம் கடையில் மூளை எப்படி மிஞ்சும்?

ஜுரம் எத்தனை டிகிரி என்று பார்க்காமல் ஊசி போடும் டாக்டரிடம் குழந்தையைக் கூட்டிப் போவீர்களா? காருக்கு மட்டும் ஏன் சம்மதிக்கிறீர்கள்?

அடுத்த முறை 'பேட்டரி போச்சு' என்று யாராவது சொன்னால், இரண்டே வார்த்தை கேளுங்கள்: 'எத்தனை வோல்ட்?' நம்பர் சொன்னால், பார்த்ததற்கும் சேர்த்துக் காசு கொடுங்கள். சொல்லாவிட்டால் பர்ஸை உள்ளே வையுங்கள்.