மென்பொருள் நேர்முகப் பரீட்சையும் எம் மாணாக்கரும்

எமது கல்லூரியிற் கணிதங் கற்று, பல்கலைக்கழகத்திலே திறமைச் சித்தியெய்திய இளைஞர் சிலர், மென்பொருட் கம்பனிகளின் நேர்முகப் பரீட்சையிற் பின்தள்ளப்பட்டு மனஞ் சோர்ந்து திரும்புவதைப் பழைய மாணவர் பலர் அறிவர். ஆங்கிலம் போதாது என்று காரணங் கூறிவிடுவது வழக்கம். அஃது ஓரளவு மெய்யே. ஆயினும், பல ஆண்டுகளாகப் பரீட்சகர் பக்கத்தில் இருந்து வருபவன் என்ற முறையில், அதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டென்பேன். எம் மாணாக்கர் மௌனமாகச் சிந்திக்கப் பழகியவர். இப்பரீட்சையோ வாய்விட்டுச் சிந்திக்கச் சொல்வது.

ஓர் உதாரணம் காட்டுவேன். அகரவரிசையில் உள்ள பெயர்ப்பட்டியல் ஒன்றைத் தந்து, அதில் ஒரு பெயரைத் தேடும் நிரலை எழுதுக என்பர். நடுப்பெயரைப் பார்த்து, வேண்டாத பாதியைத் தள்ளி, எஞ்சியதை மீண்டும் பாதியாக்கிச் செல்லல் வேண்டும். பத்து இலட்சம் பெயராயினும் 20 தடவைகளில் முடிவு கண்டுவிடலாம். அகராதி புரட்டத் தெரிந்த எவர்க்கும் விளங்கும் முறையே. ஆனால், ஜோன் பென்ட்லி என்னும் அறிஞர் தொழில்முறை நிரலாளர்க்கு இதனையே கொடுத்துப் பார்த்தபோது, அவருட் பெரும்பாலார் எழுதியவற்றிற் பிழை இருந்ததாம். 1986 இல் வெளிவந்த தமது நூலில் அவரே தந்த நிரலிலும் ஒரு பிழை ஒளிந்திருந்ததென 2006 இல் ஜோசுவா புளொக் என்பார் எடுத்துக்காட்டினார். முதலிடத்து எண்ணையும் இறுதியிடத்து எண்ணையுங் கூட்டி இரண்டால் வகுக்குங்கால், கூட்டுத்தொகை 214 கோடியைச் சற்றுத் தாண்டினால், கணினி அதனைத் தாங்கமாட்டாது மறை எண்ணாக்கிவிடும். ஜாவா மொழியின் நூலகத்திலும் இப்பிழை ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது!

ஆகலின், பரீட்சகர் பார்ப்பது விடையை மாத்திரமன்று. பட்டியல் வெறுமையாயிருந்தால் என் செய்வது, ஒரே பெயர் இருமுறை வந்தால் எதனைக் கொள்வது, பெயரே இல்லையாயின் யாது கூறுவது என்று எழுதுமுன் வினாவுபவனை அவர் விரும்புவர். அவன் இடறுமிடத்தில் ஒரு குறிப்பும் தருவர். வாய்திறவாது எழுதுபவனுக்கு எங்ஙனம் உதவுவது? வினாவுதல் அறியாமையின் அடையாளமென்று பிள்ளைகளை எண்ணச் செய்த குற்றம் எமது வகுப்பறைகளைச் சார்ந்தது.

கடந்தகால வினாத்தாளைக் கரைத்துக் குடிக்கும் எமது வழக்கமும் இங்கே தொடர்கின்றது. கேல் லாக்மன் மக்டவல் அம்மையார் இத்துறைபற்றி எழுதிய நூலின் ஆறாம் பதிப்பில் (2015) 189 வினாக்கள் உள்ளன. நல்ல நூல்தான். ஆனால் 189 விடைகளையும் நெட்டுருச் செய்தவன், 190 ஆம் வினாவின்முன் திகைத்து நிற்பான்.

இம்முறை நீதியானதோ எனின், முற்றும் அன்று. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தாரும் மைக்ரோசொப்ட் கம்பனியாரும் 48 மாணவரைக் கொண்டு செய்த ஆய்வு 2020 இல் வெளியாயிற்று. தனியறையிற் செய்தோரோடு ஒப்பிட, ஒருவர் பார்த்திருக்கப் பேசிக்கொண்டு செய்தோரின் திறன் பாதியாகக் குறைந்தது. தனியே செய்த பெண்கள் யாவருஞ் சித்தியடைய, பரீட்சகர் முன்னிலையிற் செய்த பெண்களுள் ஒருவரேனுஞ் சித்தியடையவில்லை. கம்பனிகள் தம் வழக்கத்தைத் திருத்துமட்டும் எம் பிள்ளைகள் காத்திருத்தல் இயலுமா?

விழாதோறும் வளைவுகளுக்கும் பெயர்க்கற்களுக்கும் வாரிவழங்கும் பழைய மாணவரை இவ்விழாவில் யான் வேண்டுவது பணமன்று. இத்துறையில் உள்ள ஒவ்வொருவரும் கிழமைக்கு ஒரு மணி நேரம், கணினித் திரை வழியாகவேனும், ஒரு மாணவனுக்குப் பரீட்சகராய் அமரல் வேண்டும். மாணவன் முதலிற் தமிழிலேயே வாய்விட்டுச் சிந்திக்கட்டும். தெளிந்தபின் அதனையே ஆங்கிலத்திற் கூறட்டும். அவன் தடுமாறும்போது விடையைச் சொல்லிவிடாது பொறுத்திருத்தலே கடினமான பகுதி. உயர்தர வகுப்பிலும் கிழமைக்கு ஒரு கணக்கையாவது மாணவனே கரும்பலகையில் விளக்கட்டும். பாடத்திட்டம் முடியாதே என ஆசிரியர் சிலர் முகஞ்சுளிப்பர்; ஒரு கணக்கினால் முடியாமற் போகும் பாடத்திட்டம் ஏதுமில்லை.

சங்கச் செயலாளர் பெயர்ப்பதிவைத் தொடங்குவாராயின், எனக்குச் சனிக்கிழமை மாலைகள் ஓய்வானவை.