வீடற்றோரும் நாமும்

குரோருட்டில் வாழும் எம்மவர்கள் ஆலயத் திருவிழாவென்றால் நூற்றுக்கணக்கானோருக்குச் சமைத்துப் பரிமாறுவர். வசந்தகாலத்தில் குடியிருப்பு முற்றத்தைக் கூட்டும் டுக்னாட்டுக்கும் தவறாது செல்வர். இக்கைகளிற் சில ஒஸ்லோவின் வீடற்றோர் புகலிடங்களுக்கும் வேண்டும்.

ஐந்தாம் இலக்க நிலக்கீழ்த் தொடருந்தில் அரை மணிக்குள் குரொன்லாண்டை அடையலாம். அங்கே ஊர்ட்டெகாத்தாவில் இரட்சணிய சேனையின் ஃபீர்லீசெ நிலையம் உள்ளது. போதையால் வீட்டையும் உறவையும் இழந்தோர் உணவுக்காகவும் ஒதுங்கவும் அங்கு வருகின்றனர். 1855இல் தொடங்கிய திருச்சபை நகரப் பணியும் இத்தகைய இல்லங்களை நடத்துகின்றது. தொண்டர்களின்றி இவை இயங்கா.

வீடற்றவர் என்றதும் பனியில் படுத்திருப்பவரே எம் மனக்கண்ணில் தோன்றுகின்றார். நோர்வேயின் கணக்கெடுப்போ நண்பர், உறவினர் வீடுகளில் தற்காலிகமாகத் தங்குவோரையும், சிறையிலிருந்து இரு மாதங்களுள் வெளிவரவிருந்தும் போக்கிடமற்றோரையும் சேர்த்தே எண்ணுகின்றது. 2012இல் 6,259 ஆக இருந்த இத்தொகை 2020இல் 3,325 ஆகக் குறைந்தது.

இந்த வரைவிலக்கணத்தைப் படிக்கையில் எமக்குச் சில முகங்கள் நினைவுக்கு வருகின்றன. மணமுறிவின்பின் நண்பர் வீட்டுச் சோபாவில் மாதக்கணக்காகப் படுப்பவர். குடியால் வேலையை இழந்தவர். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, விலாசமின்றித் திரிபவர். தமிழரில் வீடற்றோர் இல்லையென்று மேடைகளிற் சொல்லிக்கொள்கின்றோம். மானத்துக்கு அஞ்சி அவர்களை நாமே மறைத்து வைத்துள்ளோம்.

தங்க இடமற்றவருக்குத் தற்காலிக உறைவிடம் தேடிக்கொடுப்பது நாவ் அலுவலகத்தின் கடமையெனச் சமூக சேவைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு கூறுகின்றது. இதனை அறியாதோர் எம்மிடையே பலர். வதிவிட அனுமதி அற்றவருக்கோ இவ்வுரிமை மிகக் குறுகியது; புகலிடங்களின் கதவே அவருக்கு மிஞ்சுவது.

வழிப்போக்கர் இளைப்பாறச் சங்கடப்படலை கட்டி வைத்த ஊரவர் நாம். 1870களின் பஞ்சத்திலே நாவலர் கஞ்சித்தொட்டி வைத்தார். 1995 ஒக்டோபர் 30 இரவில் வலிகாமமே வீதிக்கு வந்தபோது, தென்மராட்சியில் முன்பின் அறியாதோர் திண்ணையிற் படுத்தெழுந்தவர்கள் இன்றும் எம்மிடையே உள்ளனர்.

ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் ஒருவேளைச் சோறு கொடுத்துப் படம் பிடித்து வருவதை நாம் தொண்டாகக் கருதவில்லை. மார்கழியில் கொடுக்கப் பலர் வருவர். மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை இரவில் பாத்திரம் கழுவ ஆள் இராது. மாதம் ஓரிரவேனும் தவறாது செல்வோரே அங்கு பயன்படுவர். நோர்வேஜிய மொழி தடுமாறுகின்றதே என்று பின்நிற்க வேண்டியதில்லை. கோப்பி மேசையில் அதுவும் திருந்தும்.

அங்கு கண்டதையும் கேட்டதையும் வெளியிற் பேசலாகாது. எம்மவர்க்கு இது சற்றுக் கடினமே. எனினும், ஊர்வாய்க்கு அஞ்சியே அக்கதவருகே வந்து திரும்பிப்போகும் தமிழரும் இருக்கக்கூடும். அங்கு ஒரு தமிழ் முகத்தைக் கண்டால் ஊரும் பேரும் விசாரியாது கோப்பியை ஊற்றிக் கொடுங்கள். அவராகப் பேசத் தொடங்கினால், தமிழிலே பேசுங்கள்.